ஜெர்மனியில் தனியாக ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறை: கடை, குளிர், அழைப்பு, அந்த 24ஆம் தேதி மாலை

கேள்வி: வேலைக்காக ஜெர்மனி வந்து இது முதல் டிசம்பர். கம்பெனியை 24ஆம் தேதி முதல் ஜனவரி முதல் வாரம் வரை மூடுகிறார்கள். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போகவில்லை. சின்ன வீடு, தனி ஆள், தெரிந்தவர்களும் குறைவு. இந்த நாட்களை எப்படிக் கழிப்பது? ரொம்பத் தனிமையாக இருக்கும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

பதில்:

பயமுறுத்துகிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஜெர்மன்காரர்கள் ஒட்டமாட்டார்கள், அதனால்தான் தனிமை என்று அவர்கள் காரணம் சொன்னால் அதை நம்பாதீர்கள். தீபாவளி, பொங்கல் என்றால் நம்மூரில் கதவு திறந்துகிடக்கும், பலகாரத் தட்டு பக்கத்து வீட்டுக்குப் போகும், தெருவே பண்டிகையாக இருக்கும். ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் கதவைச் சாத்திக்கொண்டு கொண்டாடுகிற பண்டிகை. 24ஆம் தேதி மதியம் இரண்டு மணிக்குக் கடை அடைப்பார்கள், நாலு மணிக்கு இருட்டிவிடும், ஆறு மணிக்குத் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. அப்பா அம்மா, பிள்ளைகள், தாத்தா பாட்டி என்ற வட்டத்துக்கு வெளியே அன்று யாரும் யாரையும் கூப்பிடுவது அபூர்வம். குடும்பம் இல்லாத ஜெர்மன்காரருக்கும் அன்று இதே நிலைமைதான்.

ஆகவே விடுமுறையை மூன்று துண்டாகப் பார்க்க வேண்டும். வெளியாள் கலந்துகொள்ளக்கூடிய எல்லாமே 24க்கு முந்தைய நான்கு வாரங்களில் நடந்து முடிந்துவிடும். 24 மாலை முதல் 26 இரவு வரை குடும்பங்களின் நேரம். 27 முதல் 31 வரை யாரும் உரிமை கொண்டாடாத நாட்கள். முதல் முறை வருகிறவர்கள் முதல் துண்டை வேலை வேலை என்று விட்டுவிட்டு, இரண்டாவது துண்டில் ஆள் தேடுகிறார்கள். அடிபடுவது அங்கேதான்.

முதல் துண்டிலிருந்து வருகிறேன். நவம்பர் கடைசியில், முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதலாவது) முந்தைய வாரத்தில், பெரும்பாலான ஊர்களில் கிறிஸ்துமஸ் சந்தை திறந்துவிடும். 24க்கும் சந்தை இருக்கும், தனியாக இருந்தால் அங்கே போய்க்கொள்ளலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பல சந்தைகள் 23ஆம் தேதி இரவோடு முடிந்துவிடும், மற்றவை 24 மதியத்தோடு. நியூரன்பெர்க் சந்தை 24 வரை நடப்பது. ஒருசில ஊர்களில் மட்டும் 26க்குப் பிறகும் நீளும். சந்தையில் சூடான மசாலா ஒயின், க்ளூவைன், குவளையில் வரும். குவளைக்குத் தனியாகச் சில யூரோ முன்பணம் வாங்குவார்கள், குவளையைத் திருப்பிக் கொடுத்தால் அது கைக்கு வரும். மது வேண்டாமென்றால் கிண்டர்பூன்ஷ் என்று கேளுங்கள். சைவக்காரருக்குப் பாதுகாப்பானது உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த ரைபகூகன், தொட்டுக்கொள்ள ஆப்பிள் மசியல். முட்டை சேர்ந்திருக்கும், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் சில்லறை வேண்டும். கார்டு வாங்காத கடைகள் இன்னும் நிறைய.

சந்தை தனியாகப் போகிற இடம் அல்ல. வேலை முடிந்து இரண்டு மூன்று பேர் நின்றுகொண்டே பேசிவிட்டு வீட்டுக்குப் போகிற இடம். அலுவலகத்தில் "வியாழக்கிழமை ஆறு மணிக்கு க்ளூவைனுக்குப் போகலாமா?" என்று நீங்களே கேட்கலாம். நேரமும் இடமும் சொல்லிக் கேட்டால்தான் அங்கே அது அழைப்பு. "ஒருநாள் போகலாம்" என்பது நம் பேச்சில் பாதி சம்மதம், அவர்கள் காதில் அது வெறும் மரியாதை. அலுவலக விருந்து, சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றிக்கொள்ளும் விஷ்டெல்ன் இரண்டையும் தவிர்க்காதீர்கள். பரிசுக்குச் சொன்ன தொகையைத் தாண்டாதீர்கள். பத்து யூரோ என்றால் பத்துதான். கூடுதலாகச் செலவழித்தால் பெருந்தன்மை என்று நினைக்கமாட்டார்கள், எதிராளிக்குச் சங்கடம்தான் மிஞ்சும்.

இந்த வாரங்களில் எப்படியும் யாராவது "கிறிஸ்துமஸுக்கு என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்பார்கள். கவுரவத்துக்காக "ஃப்ரெண்ட்ஸோட இருப்பேன்" என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "இங்கேதான் இருக்கிறேன், இன்னும் ஒன்றும் திட்டமில்லை" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அதைக் கேட்டு ஒருவர் "எங்கள் வீட்டுக்கு வாயேன்" என்றால் நாக்கைக் கட்டுப்படுத்துங்கள். நம் வழக்கப்படி "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம், பரவாயில்லை" என்று வரும். நம்மூரில் அதற்கு அர்த்தம், இன்னொரு தடவை வற்புறுத்துங்கள் என்பது. ஜெர்மன்காரர் அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்வார், இரண்டாவது தடவை கேட்கமாட்டார். கேட்டால் தொந்தரவு செய்வதாகும் என்பது அவர் நினைப்பு. விருப்பமிருந்தால் அதே மூச்சில் "சந்தோஷமாக வருகிறேன், எத்தனை மணிக்கு, என்ன கொண்டுவரட்டும்?" என்று சொல்லிவிடுங்கள். அழைப்பு பெரும்பாலும் 25க்கோ 26க்கோதான் வரும், 26 உறவுக்கு வெளியே உள்ளவர்களுக்கு அதிகம் திறந்த நாள். 24 மாலைக்கே யாராவது கூப்பிட்டால் அது சாதாரண அழைப்பு இல்லை. தட்டாதீர்கள்.

அப்படிப் போகிற வீட்டில் சாப்பாடு ஒரு கண்ணி. முந்தைய வாரமே சொல்லிவிடுங்கள். "நான் சைவம்" என்றால் மட்டும் போதாது. பல வீடுகளில் 24 இரவு உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும்தான் சாப்பாடு. சாசேஜ் அநேகமாகப் பன்றி. சாலடாவது சைவம்தானே என்றால், தெற்கே ஸ்வாபியப் பக்கம் அதை இறைச்சிச் சாற்றில் ஊறவைப்பார்கள், வடக்கே மயோனைஸ் போடுவார்கள், அதில் முட்டை. 25ஆம் தேதி வாத்து ரோஸ்ட், உருளைக்கிழங்கு உருண்டை, சிவப்பு முட்டைக்கோஸ். அந்த முட்டைக்கோஸைப் பார்த்தால் சுத்தச் சைவமாகத் தெரியும், ஆனால் வாத்துக் கொழுப்பிலோ பன்றிக் கொழுப்பிலோ வதக்குவது பழைய வழக்கம். "இறைச்சி, கொழுப்பு, இறைச்சிச் சாறு மூன்றும் வேண்டாம், முட்டை, பால் பரவாயில்லை" என்று பொருளைப் பெயர் சொல்லிச் சொன்னால் அவர்களுக்கும் நிம்மதி. ஒரு தட்டு நீங்களே செய்து கொண்டுபோகலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். காரத்தைப் பாதியாகக் குறைத்து, அதையும் பாதியாக்குங்கள். வெறுங்கையோடு போகவேண்டாம். நல்ல சாக்லெட்டோ பூங்கொத்தோ பத்து பதினைந்து யூரோவுக்குள் போதும், குழந்தை இருந்தால் அதற்கென்று ஒரு சின்னப் பொருள். சொன்ன நேரத்துக்குப் போங்கள். வாசலில் செருப்பைக் கழற்றட்டுமா என்று கேளுங்கள். கிளம்புவதும் உங்கள் பொறுப்புதான். சாப்பாடு, காபி, பிஸ்கட் எல்லாம் முடிந்து பேச்சு தளர்ந்தால் எழுந்துகொள்ளலாம்.

இனி கடை. 24ஆம் தேதி சட்டப்படி அரசு விடுமுறை அல்ல, ஆனால் கடைகள் மதியம் இரண்டு மணிக்குள் மூடியாக வேண்டும். பல கடைகள் ஒரு மணிக்கே இழுத்துச் சாத்திவிடும். 25, 26 இரண்டும் முழு விடுமுறை. ஞாயிறு எப்போதுமே அடைப்பு. இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ஆண்டுகளில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். 2026இல் 24 வியாழன், 25 வெள்ளி, 26 சனி, 27 ஞாயிறு. வியாழன் மதியம் மூடினால் திங்கள் காலைதான் திறப்பு. 23ஆம் தேதி சாயங்காலமும் 24 காலையும் கடையில் நிற்க இடமிருக்காது, ரொட்டியும் பாலும் தீர்ந்துபோகும். 21, 22லேயே முடித்துவிடுங்கள்.

நாலு நாளுக்கு ஒரு ஆளுக்கு என்ன தேவை? அரிசி ஒன்றரைக் கிலோ இருந்தாலே மிச்சப்படும். கெட்டுப்போகிறவற்றைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்: பால் இரண்டு லிட்டர், தயிர் ஒரு கிலோ, வெங்காயம் ஒரு கிலோ, தக்காளி முக்கால் கிலோ, நாலு நாளுக்கும் காய்கறி. இதில் ஃப்ரோசன் பட்டாணி, பீன்ஸ், கீரை பாதி இருந்தால் வசதி. கொத்தமல்லி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய்க்குத் தமிழ்க் கடைக்கோ ஆசியக் கடைக்கோ முந்தைய சனிக்கிழமையே போங்கள், அவர்களுக்கும் அதே அடைப்புச் சட்டம்தான். மறந்துபோவது காய்கறி அல்ல, வேறு மூன்று: டாய்லெட் பேப்பர், பாராசிட்டமால், கையில் கொஞ்சம் ரொக்கம். பாராசிட்டமால் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது, மருந்துக்கடையில் மட்டும்தான். ஏதாவது விட்டுப்போனால் பெரிய ரயில் நிலையக் கடைகள், விமான நிலையம், பெட்ரோல் பங்க் திறந்திருக்கும், விலை கூட, கூட்டமும் கூட. இரவும் விடுமுறையும் பார்க்கிற மருந்துக்கடை எது என்பது எந்த மருந்துக்கடைக் கதவிலும் ஒட்டியிருக்கும். அந்த நேரங்களில் 2.50 யூரோ சேவைக் கட்டணம் சேர்ப்பார்கள். உயிருக்கு ஆபத்தில்லாத காய்ச்சல், வயிற்று வலிக்கு 116117 என்ற எண்ணில் டாக்டர் சேவை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் 112.

இப்போது அந்த 24 மாலை. இதற்குத் தனியாக நேரம் ஒதுக்கி யோசித்து வைத்தால் மீதி நாட்கள் தானாக நகரும்.

முதலில் கடிகாரம். குளிர்காலத்தில் ஜெர்மனி இந்தியாவை விட நாலரை மணி நேரம் பின்னால். தெரு அடங்கி, எதிர்வீட்டு ஜன்னலில் மரத்து விளக்கு எரிந்து, வீட்டு ஞாபகம் பிடித்துக்கொள்வது சாயங்காலம் ஆறு மணி வாக்கில். அப்போது ஊரில் இரவு பத்தரை. அம்மா படுத்திருப்பார், அப்பா எடுத்தாலும் "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்றுதான் ஆரம்பிப்பார். பேச்சு நாலு வரியில் முடிந்து, வைத்த பிறகு முன்னைவிட மோசமாக இருக்கும். ஆகவே ஊருக்குப் பேசுவதை மதியம் பன்னிரண்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே மாலை நாலரை, காபி நேரம். ஆறு மணிக்கு வேறு ஆள் வேண்டும். கிழக்குக் கனடாவிலோ அமெரிக்கக் கிழக்குக் கரையிலோ இருக்கிற நண்பருக்கு அப்போது மதியம் பன்னிரண்டு. அவர்களிடம் முதல் நாளே நேரம் சொல்லி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, கைக்கு நீண்ட வேலை. ஃப்ரிட்ஜில் இருப்பதைச் சூடுபண்ணிச் சாப்பிடுகிற நாளாக அதை விடாதீர்கள். மதியமே வீட்டுக்கு வந்து, இரண்டு மணி நேரம் பிடிக்கும் சமையல் ஒன்றைத் தொடங்குங்கள்: பிரியாணியோ, வத்தக்குழம்பும் கூட்டும் பொரியலுமோ. ஒரே ஒரு எச்சரிக்கை. வரமிளகாய், கடுகு தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். கூரையில் இருக்கிற புகை எச்சரிப்பான் அலறினால் அந்த அமைதியில் கட்டிடம் முழுக்கக் கேட்கும்.

மூன்றாவது, நாலு சுவருக்கு வெளியே ஒரு மணி நேரம். அன்று எந்த மதத்தவரும் போய் உட்காரக்கூடிய இடம் தேவாலயம். மதியம் மூன்று நாலு மணி ஆராதனையில் குழந்தைகள் இயேசு பிறப்பை நாடகமாக நடிப்பார்கள், சத்தமும் கூட்டமுமாக இருக்கும். இரவு பத்து, பதினொரு மணி ஆராதனை அமைதியானது. மெழுகுவத்தி வெளிச்சம், ஆர்கன், எல்லோரும் சேர்ந்து பாடுவது. பின்வரிசையில் உட்காருங்கள், மற்றவர்கள் எழும்போது எழுந்தால் போதும். கத்தோலிக்கத் திருப்பலியில் அப்பம் வாங்கப் போகவேண்டாம், இருக்கையிலேயே இருக்கலாம். கடைசியில் காணிக்கை எடுப்பார்கள். அன்றைய காணிக்கை புரோட்டஸ்டன்ட் சபைகளில் பெரும்பாலும் 'ப்ரோட் ஃப்யூர் டி வெல்ட்' அமைப்புக்கும், கத்தோலிக்க ஆலயங்களில் 'அட்வேனியாட்' அமைப்புக்கும் போகும். இரண்டு யூரோ போட்டாலும் யாரும் பார்க்கமாட்டார்கள். கோட்டைக் கழற்றாதீர்கள், பழைய கல் கட்டிடங்களில் குளிர் காலிலிருந்து ஏறும். போகிற வழியில் பஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 24 மாலையிலிருந்து பல ஊர்களில் ஓட்டம் குறையும், 25, 26இல் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைதான்.

உணவகம் வேண்டுமென்றால் துருக்கிய, இந்திய, சீன உணவகங்களில் சில திறந்திருக்கும். கூகுளில் போட்டிருக்கும் நேரத்தை நம்பிப் போகாமல் போன் பண்ணிக் கேளுங்கள். இரவு பத்து பதினொன்றுக்கு மேல் சில பார்கள் திறக்கும். சொந்த ஊருக்கு வந்த இளைஞர்கள் குடும்பச் சாப்பாடு முடித்துவிட்டுப் பள்ளித் தோழர்களைப் பார்க்க அங்கே வருவார்கள். அது அவர்கள் சந்திப்பு, அங்கே புது நட்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வீடற்றவர்களுக்கான விருந்தில் பரிமாறப் போகலாமே என்று நினைப்பது நல்ல யோசனை, ஆனால் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் கேட்டால் இடம் இருக்காது. நவம்பரிலேயே பெயர் கொடுக்க வேண்டும்.

மனம் ரொம்பவும் இறங்கிப்போனால் டெலிஃபோன்ஸேல்ஸோர்கே என்ற தொலைபேசி ஆறுதல் சேவை இருக்கிறது: 0800 111 0 111 அல்லது 0800 111 0 222. இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், பெயர் சொல்லத் தேவையில்லை, கிறிஸ்துமஸ் இரவிலும் ஆள் இருப்பார்கள். பேச்சு ஜெர்மனில் நடக்கும்.

25, 26இல் கடைதான் இல்லை, ஊர் செத்துப்போவதில்லை. 24இல் மூடிய அருங்காட்சியகங்களில் பல இந்த இரண்டு நாளும் திறக்கும், சினிமா ஓடும், பூங்காவில் குடும்பம் குடும்பமாக நடப்பார்கள். சாப்பிட்டுவிட்டு நடப்பது அங்கே பண்டிகையின் பகுதி. நீங்களும் நடங்கள், ஆனால் நேரம் பார்த்து. டிசம்பர் கடைசியில் பெர்லினில் சூரியன் காலை எட்டேகாலுக்கு எழுந்து மாலை நாலு மணிக்கு முன்பே போய்விடும், மூனிக்கில் மாலை இருட்டுவது அரைமணி நேரம் போலப் பிந்தும். விடுமுறை என்று பதினொன்றுக்கு எழுந்து, குளித்துச் சாப்பிட்டு இரண்டரைக்கு ஜன்னலைப் பார்த்தால் வெளிச்சம் கிளம்பிக்கொண்டிருக்கும். நாலைந்து நாள் இப்படிப் போனால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மனசு கெடும். தனிமை என்று பலர் சொல்வதில் ஒரு பங்கு உண்மையில் வெளிச்சக் குறைவுதான் என்பது என் அபிப்பிராயம். காலை பதினொன்றுக்கும் மதியம் இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் வெளியே இருப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள், மேகமாக இருந்தாலும். பனி விழும் என்று படம் பார்த்த கணக்கில் காத்திருக்க வேண்டாம். சமவெளி ஊர்களில் வெள்ளைக் கிறிஸ்துமஸ் அபூர்வம். அந்த வாரத்தில் குளிர் இளகி மழை பெய்வது அடிக்கடி நடப்பதால் ஜெர்மன்காரர்கள் அதற்கென்றே கிறிஸ்துமஸ் இளக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நனையாத காலணிதான் தேவை.

வீட்டில் நாள் முழுக்க இருக்கிற முதல் வாரம் இதுவாகத்தான் இருக்கும். அப்போதுதான் பூஞ்சணம் பிடிக்கும். சாதம், ரசம், இட்லி என்று ஆவி வருகிற சமையல், உள்ளே காயும் துணி, குளிருக்குப் பயந்து சாத்திய ஜன்னல். காலையில் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் தண்ணீர் கோத்து நின்றால் அதுதான் அறிகுறி. ஜன்னலை மேல்பக்கம் சாய்த்து மணிக்கணக்கில் வைப்பதால் சுவர் குளிருமே தவிர ஈரம் போகாது. ஹீட்டரை அடைத்துவிட்டு, ஜன்னலை முழுக்கத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. பிறகு மூடி ஹீட்டரைப் போடுங்கள். ஹீட்டர் திருகில் 3 என்பது சுமார் 20 டிகிரி. வேகமாகச் சூடாகட்டும் என்று 5இல் வைத்தால் வேகம் கூடாது, அறை 28 டிகிரி போகும்வரை எரிந்து பில்தான் கூடும். இரண்டு நாள் வெளியூர் போனால் முழுக்க அணைக்காதீர்கள், 1இல் விடுங்கள்.

சத்தமும் முக்கியம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம், ஞாயிறும் விடுமுறையும் நாள் முழுக்க அதே கணக்கு. மிக்ஸியில் சட்னி அரைக்க ஒரு நிமிடம் ஓட்டினால் யாரும் வரமாட்டார்கள். கிரைண்டரில் அரைமணி நேரம் மாவாட்டுவதும் சுவரில் துளை போடுவதும் வேறு விஷயம். இட்லி மாவை 23ஆம் தேதியே ஆட்டிவிடுங்கள். புளிக்க அந்த வீட்டுச் சூட்டில் எட்டு மணி நேரம் போதாது, விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள் பதினான்கு மணி நேரமாவது விட வேண்டும். காலிக் கண்ணாடி பாட்டிலைத் தெருத் தொட்டியில் போடுவதும் விடுமுறை நாளில் கூடாது. உடையும் சத்தம்தான் காரணம்.

27 முதல் 31 வரை, ஞாயிறு தவிர, கடை திறந்திருக்கும், ஊர் பாதி காலி. எனக்கு ஜெர்மன் ஆண்டிலேயே பிடித்த நாட்கள் இவை. அலுவலகத்திலிருந்து மெயில் வராது, யாரும் எதையும் எதிர்பார்க்கமாட்டார்கள். பரிசை மாற்றக் கடைக்குப் போகிற கூட்டம் 27, 28இல் இருக்கும், அதை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர் ரயிலில் சுற்ற டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது, 2026 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 63 யூரோ. ஐசிஇ, ஐசி என்ற விரைவு வண்டிகளில் செல்லாது. அது சந்தா என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்த மாதம் வேண்டாமென்றால் இந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். விரைவு வண்டியில் போவதானால் 23, 26, 27 தேதிகளில் இருக்கை பதியாமல் ஏறாதீர்கள். இந்த நாட்களில் துணி துவைத்துக் காயப்போட்டால் கெட்டது வரும் என்று பாட்டி காலத்து நம்பிக்கை ஒன்று சில வீடுகளில் உண்டு. பொதுக் காயவைக்கும் அறை காலியாகக் கிடந்தால் உங்களுக்கு லாபம்.

31 இரவு நேர்மாறு. அன்று தெரு நம் தீபாவளியைத் தோற்கடிக்கும். பட்டாசு விற்பனை ஆண்டின் கடைசி மூன்று வேலைநாள்கள் மட்டும், பதினெட்டு வயதுக்கு மேல். குடித்துவிட்டு ராக்கெட்டைக் கையில் பிடிக்கிறவர்கள் இருப்பார்கள், பெரிய நகரங்களின் நடுப்பகுதியில் பன்னிரண்டு மணிக்கு நிற்காதீர்கள், ஜன்னலைச் சாத்தி வையுங்கள். ஊரில் புத்தாண்டு பிறக்கும்போது ஜெர்மனியில் இரவு ஏழரைதான், வீட்டுக்கு அப்போதே பேசிவிடலாம். பன்னிரண்டுக்குக் கூப்பிட்டால் அங்கே விடிகாலை நாலரை. அன்று நண்பர்கள் கூடுவது வழக்கம். 24ஐப் போலக் குடும்ப வட்டம் இல்லை. யாராவது ராக்லெட்டுக்குக் கூப்பிடலாம்: மேஜை நடுவில் சூடான தட்டு, சின்னச் சின்ன வாணலியில் சீஸை உருக்கி உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிக்கொள்வது. அவரவர் வேண்டியதை அவரவர் வைத்துக்கொள்வதால் சைவக்காரருக்கு இதைவிடச் சுலபமான ஜெர்மன் விருந்து கிடையாது. ஜனவரி 1 மறுபடியும் கடையடைப்பு. 6ஆம் தேதி பவேரியா, பாடன்-வுர்ட்டம்பெர்க், சாக்ஸனி-அன்ஹால்ட் மூன்று மாநிலங்களில் விடுமுறை, மற்ற இடங்களில் வேலை நாள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. இந்த வாரங்கள் முழுக்க நமக்கு மார்கழி. மேற்கு ஜெர்மனியின் ரூர் பகுதியிலோ அதைச் சுற்றியோ இருந்தால் ஹாம் நகரின் உவென்ட்ராப் பகுதியில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஈழத் தமிழர்கள் எழுப்பியது, 2002இல் குடமுழுக்கு நடந்தது, கோபுரம் தொழிற்பேட்டைக் கட்டிடங்களுக்கு நடுவே தெரியும். ஹாம் நிலையத்திலிருந்து பஸ்ஸில் போக வேண்டும், விடுமுறை நாளில் பஸ் குறைவு என்பதால் திரும்பும் நேரத்தை முதலில் பாருங்கள். பூஜை நேரத்தையும் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தமிழ் காதில் விழ வேண்டும் என்றிருந்தால் 27க்கும் 30க்கும் நடுவே ஒரு நாளை இதற்கு வைக்கலாம்.

கடைசி நிமிடத்தில் மலிவு டிக்கெட் கிடைத்து ஊருக்கே கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் தங்கள் குடியிருப்பு அட்டையின் கடைசித் தேதியைப் பார்க்க வேண்டும். அது முடிந்து, புதுப்பிக்க விண்ணப்பித்ததற்கான தற்காலிகச் சான்றுதான் கையில் இருக்கிறது என்றால், அதில் எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய அனுமதி தொடர்ந்து செல்லும் என்ற கட்டம், அதாவது குடியிருப்புச் சட்டத்தின் 81ஆவது பிரிவின் 4ஆம் உட்பிரிவு என்றால் அதையும் பழைய அட்டையையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் காட்டித் திரும்பி வரலாம். 3ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போய்விட்டு அதை வைத்துத் திரும்ப முடியாது. சந்தேகமிருந்தால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் டிசம்பர் நடுவிலேயே கேட்டுவிடுங்கள். 24க்குப் பிறகு ஜனவரி முதல் வாரம் வரை பல ஊர்களில் அந்த அலுவலகத்தில் பதில் சொல்ல ஆள் கிடைப்பதில்லை.